திண்ணையில் யாரோ பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

போன மாத இதழில் என் அப்பாவுக்கு வந்த மூளை நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மூளைக்குள் புரதம் கட்டிதட்டி, நரம்புச் செல்கள் செத்துப்போகிற நோய் என்று அதில் ஒரு வரி இருந்தது. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் 31 வருஷம் உயிர்வேதியியல் நடத்தியவள். அப்புறம் 7 வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். அந்த இரண்டும் கற்றுக்கொடுத்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

*

அம்மாவுக்கு 68 வயது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "மூளையில் புரதம் சேர்ந்திருக்கு" என்றார். அன்றிலிருந்து பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?
— வாசகி, கும்பகோணம்

இன்றைக்கே திரும்பக் கொடுக்க ஆரம்பியுங்கள் அம்மா. தட்டில் போடுகிற பருப்பு மூளையில் போய்ப் படிவதில்லை. வயிறும் சிறுகுடலும் அதை அமினோ அமிலங்களாக உடைத்துவிடும், மணிமாலையை அறுத்துத் தனித்தனி மணிகளாக்குவதுபோல. அந்த மணிகளை எடுத்து உடம்பு தனக்கு வேண்டிய மாலையைத் தானே கோத்துக்கொள்கிறது. உங்கள் அம்மாவின் மூளையில் சேர்ந்திருப்பது அந்த மூளை தானே செய்த புரதம். வயதானவருக்குப் புரதத்தைக் குறைத்தால் தசை கரையும், நடை தள்ளாடும், விழுவார். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் மறதி இன்னும் வேகமாகக் கூடும்.

சாப்பாட்டுப் புரதத்தைக் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கை நடுங்கி, உடம்பு விறைக்கும் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் அது நுழையும் வாசல் வழியாகத்தான் பருப்பிலிருந்து வந்த அமினோ அமிலங்களும் நுழைகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் போய் நின்றால் மாத்திரை வெளியே காத்திருக்கும். "முட்டை சாப்பிட்ட அன்னிக்கு மாத்திரை வேலை செய்யலை" என்று சிலர் சொல்வது பிரமை இல்லை.

*

நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. உடம்பில் ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒழுங்காக இருக்கும்போது சிலது மட்டும் ஏன் கட்டிதட்டுகிறது? அதுவும் வயதான பிறகு ஏன்?
— மாணவர், காரைக்குடி

தம்பி, இதை வகுப்பில் கேட்டிருந்தால் அந்த மணி நேரம் முழுவதையும் உனக்கே கொடுத்திருப்பேன்.

புரதம் ஒரு நீளச் சங்கிலி. செல்லுக்குள் உருவானதும் தனக்கென்று உள்ள வடிவத்தில் மடிந்துகொள்ளும். மடிப்பு சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்தச் சங்கிலி எப்படியெல்லாம் மடியலாம், எப்படி மடிய முடியாது என்று படம் போட்டுக் கொடுத்தவர் ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடன் சேர்ந்து வெளியிட்டார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு திருகு கோணங்கள் உண்டு. அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் அந்தக் கோணங்கள் எங்கே நிற்கலாம் என்று காட்டும் சதுரப் படம் அது. உலகத்தின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் இன்றைக்கும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். உன் பாடப்புத்தகத்திலும் இருக்கும். எடுத்து இடது மேல் மூலையைப் பார். பீட்டா என்று ஒரு திட்டு தெரியும்.

அந்தத் திட்டில் விழுகிற கோணங்களில் சங்கிலி ஏறக்குறைய நீட்டிக்கொண்டு நிற்கும். நீண்ட இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துப் பாய்போல ஒட்டும். நல்ல புரதங்களிலும் இந்தப் பாய் உண்டு, ஆனால் அது ஒரே மூலக்கூறுக்குள் அடங்கியிருக்கும். கட்டிதட்டும்போது ஒரு மூலக்கூறின் இழை அடுத்த மூலக்கூறின் இழையோடு ஒட்டுகிறது, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. இரண்டு இழைகளுக்கு நடுவே 4.7 ஆங்ஸ்ட்ரம் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ரம். இப்படி ஏணிப்படிபோல அடுக்கிக்கொண்டே போகும் நாருக்கு அமிலாய்டு என்று பெயர். 1854இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ வைத்தது. அயோடின் பட்டதும் மாவுச்சத்துபோல நிறம் மாறியதால் அதை மாவுப்பொருள் என்று நினைத்துவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது.

எப்படித் தொடங்குகிறது என்பதற்கு என் ஊரில் ஒரு பானை இருக்கிறது. நான் உடன்குடிப் பக்கம். பனங்கற்கண்டு எடுக்கப் பதநீரைக் காய்ச்சிய பாகைப் பானையில் ஊற்றி, உள்ளே நூல் தொங்கவிட்டு, வாயைக் கட்டி வைப்பார்கள். நாற்பது நாள் அசைக்கக் கூடாது. சின்ன வயதில் பொறுக்க முடியாமல் ஒரு வாரத்திலேயே திறந்து பார்த்துப் பாட்டியிடம் அடி வாங்கினேன். உள்ளே வெறும் பாகுதான் இருந்தது. நாற்பதாவது நாள் நூல் முழுக்கக் கற்கண்டு. முதல் மணி பிடிப்பதுதான் பாடு. ஒன்று பிடித்துவிட்டால் அதைப் பார்த்து அடுத்தது அதே ஒழுங்கில் வந்து ஒட்டும். சோதனைக் குழாயில் அமிலாய்டு வளர்வதும் இதே மாதிரிதான். முதலில் ஒன்றுமே நடக்காத நீண்ட நேரம், பிறகு மளமளவென்று வளர்ச்சி. ஏற்கெனவே விளைந்த நாரில் ஒரு துணுக்கை எடுத்துப் போட்டால் அந்தக் காத்திருப்பே இருக்காது.

வயதுக் கேள்விக்கு வருகிறேன். மடிப்பு தவறினால் சரிசெய்ய செல்லுக்குள் உதவிப் புரதங்கள் உண்டு. சரிசெய்ய முடியாததை நறுக்கிப் போடக் குப்பை ஆலைகளும் உண்டு. வயதாக ஆக இரண்டும் தளர்கின்றன. தோலில் செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதால் குப்பையும் பங்கு போட்டுக் குறையும். நரம்புச் செல் அப்படிப் பிரிவதில்லை. 70 வருஷத்துக் குப்பையை அந்த ஒரே செல் தனியாகக் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கிறது.

*

அல்சைமர், பார்க்கின்சன் இரண்டுமே புரதம் சேர்வதுதான் என்றால் ஏன் இரண்டு பெயர்?
— வாசகர், சேலம்

சேர்கிற புரதமும் வேறு, சேர்கிற இடமும் வேறு.

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் மனநல மருத்துவமனை ஒன்றில் 51 வயதுப் பெண் ஒருவரைச் சேர்த்தார்கள். டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அவரிடம் கேட்டார், உங்கள் பெயர் என்ன? "அவுகுஸ்தே." குடும்பப் பெயர்? "அவுகுஸ்தே." கணவர் பெயர்? கொஞ்சம் யோசித்து, "அவுகுஸ்தே என்று நினைக்கிறேன்." அல்சைமர் கைப்பட எழுதிய அந்தக் குறிப்புக் கோப்பு காணாமல்போய் 1995இல்தான் மறுபடி கிடைத்தது. அவுகுஸ்தே 1906இல் இறந்ததும் அவர் மூளை மியூனிக்கில் இருந்த அல்சைமருக்குப் போனது. வெள்ளி உப்பால் சாயமேற்றிப் பார்த்தவருக்கு இரண்டு தெரிந்தன. செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகள், செல்களுக்கு உள்ளே சிக்கெடுக்காத தலைமுடிபோன்ற நார்க்கொத்துகள். அந்த நவம்பரில் டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வெளியே இருந்த படிவு எந்தப் புரதம் என்று தெரிய 1984 வரை ஆனது. ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் பிரித்தெடுத்தார்கள். அமிலாய்டு பீட்டா என்கிற, 40 அல்லது 42 கண்ணிகளே உள்ள சின்னத் துண்டு. உள்ளே இருந்த சிக்கு டாவ் என்கிற புரதம். நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்குப் போக்குவரத்துக்கான குழாய்கள் உண்டு. அவற்றைத் தாங்கிப் பிடிப்பது டாவின் வேலை. நோயில் அது குழாயை விட்டுக் கழன்று ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கிறது.

அதே மியூனிக் ஆய்வகத்தில் அல்சைமரிடம் வேலை பார்த்தவர் ஃபிரெட்ரிக் லூயி. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டை உருண்டையாக எதையோ கண்டு 1912இல் எழுதினார். லூயி உருண்டைகள் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அவை எதனால் ஆனவை என்பது 1997இல்தான் புலப்பட்டது. தெற்கு இத்தாலியில் கொன்தூர்சி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கின்சன் வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே வருஷம் லூயி உருண்டைகளுக்குள்ளும் அந்தப் புரதமே இருப்பதைக் காட்டினார்கள்.

கைகால் தானாக ஆடும் பரம்பரை நோயான ஹன்டிங்டனுக்கு ஹன்டிங்டின் என்ற புரதம். கைகால் தசைகள் செயலிழந்துபோகும் ஏ.எல்.எஸ். நோயில் பெரும்பாலானவர்களுக்கு டி.டி.பி-43, இது 2006இல் தெரிந்தது. பட்டியல் நீளும், இங்கே போதும்.

*

மாமனாருக்கு 74 வயது. ராத்திரியில் ஹாலில் யாரோ குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். மறுநாள் காலை தெளிவாகப் பேப்பர் படிக்கிறார். நடை குறுகிவிட்டது, கை விறைக்கிறது. பக்கத்தில் மந்திரிக்கச் சொல்கிறார்கள். என் கணவரின் அண்ணன், தூங்க ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்.
— வாசகி, சாத்தூர்

அம்மா, உங்களுக்குத் தனியாகவும் கடிதம் போட்டிருக்கிறேன். இங்கே மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். எந்த ஊசியும் போடுவதற்கு முன் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போய், "இது லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்குமா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். மேலே சொன்ன லூயி உருண்டைகளால் வரும் மறதி நோய் அது.

அப்பாவுக்கு 76 வயதில் ஒரு சாயங்காலம், "திண்ணையில யாரோ பிள்ளைக வந்து உக்காந்திருக்கு, காப்பி போட்டுக் கொடு" என்றார். திண்ணையில் யாரும் இல்லை. அவர் பயப்படவும் இல்லை. மூன்று பிள்ளைகள், ஒன்று சிவப்புப் பாவாடை என்றார். அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து அழுதாள். அடுத்த வாரம் தெளிவாக இருந்தார், கருப்பட்டி மண்டிக் கணக்கை மனசிலேயே கூட்டினார். அதற்கடுத்த வாரம் மறுபடியும் பிள்ளைகள்.

ஒரு ராத்திரி பிள்ளைகளைத் தேடிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார். பதறிப்போய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மனநோய் என்று முடிவு கட்டி ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மறுநாள் காலை அப்பாவால் கையைத் தூக்க முடியவில்லை. மூன்றாம் நாள் கட்டைபோல் கிடந்தார். வாயில் விட்ட கஞ்சி இறங்கவில்லை. வயசாயிட்டுது, அப்படித்தான் என்றார்கள். நான் உயிர்வேதியியல் பேராசிரியை. உடம்பின் அசைவுக்காக மூளைச் செல்களுக்குள் செய்தி கொண்டுபோகும் டோபமின் எப்படி வேலை செய்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவள். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அது இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

நடந்தது இதுதான். சைனூக்ளின் உருண்டைகள் சேர்ந்து, டோபமின் சுரக்கும் செல்கள் ஏற்கெனவே குறைந்துபோயிருந்தன. ஹாலோபெரிடால் டோபமின் வந்து அமரும் இடத்தையே அடைத்துவிடும் மருந்து. வேறு நோயாளிக்கு அது உதவலாம். லூயி பாடி நோயாளிகள் பலருக்கு அது கடும் விறைப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரும், உயிருக்கே ஆபத்தாகலாம். நான்காம் நாள் வேறு ஊருக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு நரம்பியல் டாக்டர் பத்து நிமிஷம் அப்பாவைப் பார்த்தார், நாற்பது நிமிஷம் எங்களைக் கேள்வி கேட்டார். தூக்கத்தில் கத்தி, காலால் உதைப்பாரா? ஆமாம், அம்மா பத்து வருஷமாகத் தனிக் கட்டில். மலச்சிக்கல் உண்டா? பல வருஷமாக. வாசனை தெரிகிறதா? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாகின் வாசனையை வைத்தே கருப்பட்டியைத் தரம் பிரிக்கிறவர் அப்பா. சில வருஷங்களாக அடுப்பில் பால் தீய்ந்தால்கூட அவருக்குத் தெரிந்ததில்லை. ஜெர்மனியில் பிராக் என்ற ஆய்வாளர் 2003இல் விவரித்தது அதுதான். இந்தப் புரதம் பலருக்கு மூக்கின் நரம்பிலும் மூளைத் தண்டின் அடியிலும் முதலில் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது.

ஊசியை நிறுத்தி, ரிவாஸ்டிக்மின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார் அந்த டாக்டர். சில வாரங்களில் அப்பா எழுந்து நடந்தார். பிள்ளைகள் முழுதாகப் போகவில்லை, அடிக்கடி வருவது குறைந்தது.

உங்கள் வீட்டுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுக்கு இரண்டு முறை அதுதான். "யாரும் இல்லை, பிதற்றாதீர்கள்" என்று வாதாடாதீர்கள். ஹாலில் நல்ல விளக்கு போடுங்கள், நாற்காலியில் துணியைக் குவித்து வைக்காதீர்கள். நாங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காப்பி போட ஆரம்பித்ததும் வீட்டில் சண்டை ஓய்ந்தது.

*

அலுமினியப் பாத்திரம் மறதி நோயைக் கொண்டுவரும், மஞ்சள் அதைத் தடுக்கும் என்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

1965இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நார்ச்சிக்குகள் உண்டாயின. அந்தப் பயம் அங்கிருந்து கிளம்பியது. பிறகு பார்த்தால் முயலின் சிக்கும் மனிதனின் சிக்கும் அமைப்பிலேயே வேறு. அலுமினியச் சட்டியில் சமைத்ததால் அல்சைமர் வந்தது என்று நிறுவப்படவில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் சோதனைக் குழாயில் அமிலாய்டோடு நன்றாக ஒட்டும். ஆனால் குடலிலிருந்து மிகக் கொஞ்சமே ரத்தத்துக்குப் போகிறது. அல்சைமர் நோயாளிகளிடம் பார்த்த சோதனைகளில் நோய் நிற்கவில்லை. குழம்புக்கு வழக்கம்போல் மஞ்சள் போடுங்கள். மறதிக்கென்று விற்கிற மஞ்சள் மாத்திரைக்குப் பணம் போடாதீர்கள்.

பூனைக்காலி பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதன் விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே பார்க்கின்சன் மாத்திரையோடு சேர்த்துத் தானாக எடுப்பது ஆபத்து, எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்ற கணக்கே தப்பிவிடும். தவிர, லெவோடோபா குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும், அவ்வளவுதான். சேர்ந்த உருண்டையைக் கரைக்காது.

*

நியூஜெர்சியில் இருக்கும் மகன், படிவை அகற்றும் ஊசி அமெரிக்காவில் வந்துவிட்டது, அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்கிறான். என் மனைவிக்கு எங்களை அடையாளம் தெரிவதில்லை. போகலாமா?
— வாசகர், திருச்சி

ஐயா, உங்கள் மகன் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஊசி உங்கள் துணைவியாரின் நிலைக்கு உரியது இல்லை. நோய் தொடக்கத்தில் இருப்பவர்களிடம்தான் அதைச் சோதித்தார்கள், அவர்களுக்குத்தான் அனுமதி.

லெகனமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி கிடைத்தது. சோதனையில் அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். 1,795 பேரிடம் 18 மாதம் பார்த்தார்கள். படிவு நன்றாகவே குறைந்தது. நினைவும் அன்றாட வேலையும் சரிந்த வேகம் 27 சதவீதம் மட்டுப்பட்டது. 18 புள்ளி அளவுகோலில் மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட தரப்பு 1.66 சரிந்தது, மருந்து எடுத்த தரப்பு 1.21 சரிந்தது. மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. முக்கால்வாசிப் பேர் அதை உணரவில்லை, சிலருக்கு அது பெரிய ஆபத்தாயிற்று. அல்சைமர் நோயின் போக்கிலேயே ஒரு மருந்து கைவைத்திருக்கிறது என்பதால் எனக்கு அதில் சந்தோஷம் உண்டு. போன நினைவு அதனால் திரும்பாது. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

படிவை எடுத்தும் ஏன் இவ்வளவு குறைவான பலன்? படிவும் நோயும் ஒன்றல்ல என்பதைக் காட்டும் சாட்சிகள் முன்பே இருந்தன. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளின் மனத்திறனை வருஷக்கணக்கில் சோதித்தார். இறந்த பின் மூளையைத் தர அவர்கள் சம்மதித்திருந்தார்கள். அவர்களில் மேரி என்ற சகோதரி 101 வயதில் இறக்கும்வரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்தார். மூளையைத் திறந்தால் படிவும் சிக்கும் ஏராளம். 2004இல் ஹன்டிங்டன் நோயை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் வியப்பு. தட்டில் வளர்ந்த நரம்புச் செல்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தபோது, பெரிய கட்டி உண்டான செல்கள்தான் அதிக நாள் வாழ்ந்தன. அலைந்து திரியும் சின்னச் சின்னக் கொத்துகள்தான் நஞ்சு, பெரிய கட்டி அவற்றை ஒதுக்கி வைத்த குப்பைத்தொட்டி என்று பலர் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

அந்தச் சின்னக் கொத்துகளில் ஒன்றைப் பற்றி, அதுவே எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்று 2006இல் பெயர்பெற்ற ஆய்வுக்கட்டுரை ஒன்று வந்தது. நானும் அதை வகுப்பில் நடத்தினேன். அதில் இருந்த படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டவை என்ற ஐயம் 2022இல் வெளிப்பட்டு, 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதைப் படித்துவிட்டு இந்தத் துறைக்குப் போன என் மாணவிகளை நினைத்துத்தான். அந்த ஒரு கட்டுரை விழுந்ததால் அமிலாய்டு ஆய்வு மொத்தமும் பொய்யாகாது. கிளென்னர் பிரித்தெடுத்தது நிற்கிறது, குடும்பங்களில் கண்ட மரபணு மாற்றங்களும் நிற்கின்றன.

பணத்தை விமான டிக்கெட்டில் போடாமல், பகலில் உதவிக்கு ஒரு நல்ல ஆளை வையுங்கள். துணைவியாரின் காதைப் பரிசோதித்துத் தேவையானால் காதுக்கருவி போடுங்கள். கண்புரை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

*

ஒரு புரதம் இன்னொன்றைக் கெடுக்கும் என்றால் இது தொத்துமா? மனைவிக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன்.
— வாசகர், நாகர்கோவில்

தொத்தாது. பயமில்லாமல் ஊட்டுங்கள், அவர் குடித்த டம்ளரில் குடியுங்கள்.

நீங்கள் கேட்டதற்குக் காரணம் உண்டு. பப்புவா நியூகினியில் ஃபோரே இன மக்களிடம் குரு என்ற நோய் இருந்தது. இறந்த உறவினரின் மூளையைச் சாவுச் சடங்கில் உண்டதால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிகம் வந்தது. சடங்கு நின்றதும் நோயும் அடங்கியது. கிருமியே இல்லாமல், தவறாக மடிந்த புரதம் மட்டுமே நோயைக் கடத்தும் என்று 1982இல் ஸ்டான்லி புருசினர் சொல்லி, அதற்கு பிரியான் என்று பெயரிட்டார். முதலில் நம்பாதவர்களே அதிகம். 1997இல் நோபல் பரிசு வந்தது.

அல்சைமரும் பார்க்கின்சனும் ஒரே தலைக்குள் செல்லிலிருந்து செல்லுக்கு அப்படித்தான் பரவுகின்றன என்று தோன்றுகிறது. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குக் கருவிலிருந்து எடுத்த இளம் செல்களை மூளையில் வைத்தார்கள். 11 முதல் 16 வருஷம் கழித்து அவர்கள் இறந்தபோது அந்த இளம் செல்களுக்குள்ளும் லூயி உருண்டைகள் இருந்ததாக 2008இல் எழுதினார்கள். ஆனால் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்குப் போக மூளைத் திசுவே உடம்புக்குள் ஏற வேண்டும். சடலங்களின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனை ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். அவர்களில் மிகச் சிலருக்கு அமிலாய்டு அந்த வழியில் வந்திருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்த ஊசி 1985லேயே நின்றுவிட்டது. எச்சிலில், மூச்சில், தொடுவதில் வராது.

*

அம்மாவுக்கு 80 வயதில் அல்சைமர். எனக்கும் வருமா?
— வாசகி, கோவை

வயதான பிறகு வருவது பெரும்பாலும் நேர்வழியில் இறங்குவதில்லை, வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. 40, 50 வயதிலேயே குடும்பத்தில் பலருக்கு வந்தால்தான் மரபணு மாற்றத்தைத் தேட வேண்டும். கொலம்பியாவில் அந்தியோகியா மலைப்பகுதிக் குடும்பங்களில் அப்படி ஒன்று உண்டு. அது இருந்தால் 40களின் நடுவிலேயே நினைவு தவறும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்மணி மட்டும், மூளை நிறைய அமிலாய்டு இருந்தும், 70 வயதைத் தாண்டும்வரை நன்றாக இருந்தார். 2019இல் வெளியான அவருடைய கதையில், வேறொரு மரபணுவில் இருந்த அரிய மாற்றம் அவரைக் காத்ததாகத் தெரிந்தது. அவர் மூளையில் டாவ் சிக்கு மிகக் குறைவு. அடுத்த மருந்துக்கான வழி அங்கே இருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் கையில் இருப்பவை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது, கண், நடை, நாலு பேரோடு பேச்சு.

*

உங்கள் அப்பாவுக்கு வந்தது லூயி பாடிதான் என்று உறுதியாகத் தெரியுமா?
— வாசகர், தூத்துக்குடி

தெரியாது. அறிகுறிகள் எல்லாம் பொருந்தின, மருந்து கேட்டது. ஆனால் மூளையைத் துளி எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முழு உறுதி. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல, நரம்பியல் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. அப்பா உடன்குடியில் அதிகாலை இரண்டு மணிக்குப் போனார். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். பெங்களூருக்கு எப்படிக் கொண்டுபோவது? நான் வாயெடுத்ததுமே அத்தை, "எங்க அண்ணனை முழுசா அனுப்பு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விட்டுவிட்டேன்.

இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறேன். என் மூளையை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்தை மகள் போட்டாள். போட்டுவிட்டு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ராத்திரி படுக்கும்போது வந்து, "தாத்தா திண்ணையில பார்த்த பிள்ளைகள்ல சிவப்புப் பாவாடை போட்டது யாரும்மா?" என்று கேட்டாள். சின்ன வயதில் பொங்கலுக்கு அப்பா எனக்கு எடுத்துக் கொடுத்தது சிவப்புப் பாவாடை.